எடையும் முறையும்

மாந்தர் செய்யும் வினைகளை இரு வகையாகப் பகுக்கலாம். ஒரு வகை, பிறர் கண்ணெதிரே நிகழ்ந்து அவர்தம் தீர்ப்புக்கு உட்படுவது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் முந்தினானா பிந்தினானா என்பதைக் கோட்டருகே நிற்கும் நடுவர் கூறிவிடுவார். தச்சன் செய்த நாற்காலி ஆடுகின்றதா என்பதை அதில் அமர்பவர் அறிந்துகொள்வார். மற்றொரு வகை, செய்பவன் ஒருவனே அறிய நிகழ்வது. அங்கே வினை முடிந்ததா, முடிந்ததுபோல் தோன்றியதா என்று சொல்லப் பிறர் எவரும் இலர். அறவாழ்வின் கடினமான வினாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேதான் எழுகின்றன. அவற்றுள் ஒன்றை ஆராய்வதற்குப் பெரிய நூலகம் வேண்டுவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தின் ஒரு மூலையே போதுமானது.

உடல் வலிமைக்குரிய பயிற்சிகளுள் ‘பார்பெல் ரோ’ என வழங்கும் ஒன்று உண்டு. இரு முனைகளிலும் வட்டுகள் பொருத்தப்பெற்ற நீண்ட இரும்புத் தண்டினைக் குனிந்த நிலையில் கைகளால் பற்றி, வயிற்றை நோக்கி இழுத்து, மீண்டும் இறக்குவதே இப்பயிற்சி. படகோட்டி துடுப்பினைத் தன் மார்பை நோக்கி இழுக்கும் அசைவை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு அப்பெயர் அமைந்தது. தமிழிலே துடுப்புக்குத் தண்டு என்றும் ஒரு பெயருண்டு. துடுப்பிடுதலைத் தண்டு வலித்தல் என்பது பழைய வழக்கு. இரும்புத் தண்டினை இழுக்கும் இப்பயிற்சிக்குத் தண்டு வலித்தல் என்னும் பெயர் இருவகையாலும் பொருந்தும்.

இதன் முறையைச் சுருங்கக் கூறலாம். பாதங்களை இடுப்பளவு விலக்கி ஊன்றி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிதல் வேண்டும். முதுகு இடுப்பிலிருந்து கழுத்துவரை வளையாது நேராக நிற்க, உடல் நிலத்திற்குக் கிடையாகவோ, அதற்குச் சிறிது மேலாகவோ சாய்ந்திருக்கும். கைகள் தோளிலிருந்து நேரே தொங்கும். அந்நிலையில் முழங்கைகளைப் பின்னோக்கிச் செலுத்தி, மார்புக்கூட்டின் கீழ் எல்லைக்கும் கொப்பூழுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தண்டு தொடுமாறு இழுத்தல் வேண்டும். அப்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். கணப்பொழுது நிறுத்திப் பின்னர் விழவிடாமல் மெல்ல இறக்குதல் வேண்டும். இவ்வளவு நேரமும் உடலின் சாய்வு மாறாதிருத்தலே முறையின் உயிர். முதுகின் அகன்ற தசையும், தோள்பட்டைகளை இணைக்கும் தசைகளும், பின்தோள் தசையும், மேற்கைத் தசையும் இழுக்கும் தொழிலைச் செய்கின்றன. முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகளும் பின்தொடைத் தசைகளும் அசையாது தாங்கும் தொழிலைச் செய்கின்றன. இழுப்பன ஒரு கூட்டம். தாங்குவன ஒரு கூட்டம். இரண்டும் தத்தம் கடமையைச் செய்தாலன்றிப் பயிற்சி நிறைவுறாது.

இப்பயிற்சிக்குப் பிற பயிற்சிகளுக்கில்லாத ஓர் இயல்பு உண்டு. தண்டினைத் தோளில் ஏந்தி அமர்ந்தெழும் பயிற்சியில் ஒருவன் தோற்றால் அத்தோல்வி வெளிப்படை. அவனால் எழ இயலாது. பலகைமேல் மல்லாந்து கிடந்து மார்பிலிருந்து தண்டினை உயர்த்துபவன் தோற்றால், தண்டு அவன் மார்பின்மேலேயே கிடக்கும். அதனை எடுக்க வேறொருவர் கைகொடுக்க வேண்டும். குனிந்து இழுப்பதில் அத்தகைய தெளிந்த தோல்வி நிகழ்வதில்லை. தண்டு உடலை நோக்கி வர மறுத்தால், உடல் தண்டை நோக்கிச் செல்லும். சாய்வு சிறிது நிமிரும். இடுப்பு ஒருமுறை வெட்டும். முழங்கால் ஓர் உந்து கொடுக்கும். நான்கு விரற்கடை குறைவாக இழுத்தாலும் இழுத்ததாகவே தோன்றும். பளுதூக்கும் போட்டிகளில் இதற்கு இடமில்லை. ஆதலின் இதற்கென நடுவரும் இலர், விதிநூலும் இல்லை. அன்றியும், இது வளர்ப்பது முதுகை. மார்பையும் புயத்தையும் கண்ணாடியில் கண்டு மகிழலாம். தன் முதுகைத் தானே காண்பது எவருக்கும் அரிது. தன் கண்ணுக்குத் தெரியாத உறுப்புக்காக, நடுவரில்லாத வினையை, தோல்வி புலப்படாத வகையில் செய்ய வேண்டியிருப்பதால்தான் இப்பயிற்சி அற ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகின்றது.

இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவன் 40 கிலோவில் தொடங்குகின்றான். சில வாரங்களில் 50, பின்னர் 60. அறுபதில் அவன் உடல் உண்மையாகவே உழைக்கின்றது; பத்தாவது இழுப்பு முதல் இழுப்பைப் போலவே இருக்கின்றது. அருகே ஒருவன் 80 கிலோவை இழுப்பதைக் காண்கின்றான். மறுநாள் தன் தண்டிலும் வட்டுகளைக் கூட்டுகின்றான். 80 கிலோ வயிற்றைத் தொட மறுக்கின்றது. ஆனால் சற்றே நிமிர்ந்து நின்றால் தொடுகின்றது. அவன் நிமிர்கின்றான். மூன்று மாதம் கழித்து அவன் ஏறத்தாழ நின்றுகொண்டே தண்டினைக் குலுக்கிக்கொண்டிருக்கின்றான். அவனது குறிப்பேட்டில் மட்டும் 80 என்னும் எண் திருத்தமாக எழுதப்பட்டிருக்கின்றது. எந்த நாளிலும் அவன் பொய் சொல்லவேண்டும் என்று முடிவுசெய்தவன் அல்லன். ஒவ்வொரு நாளும் ஒரு பாகை நிமிர்ந்தான், அவ்வளவே.

அவன் தூக்கியது உண்மையில் எவ்வளவு? பள்ளி மாணவர் பயிலும் நெம்புகோல் கணக்கே இதற்கு விடை தரும். கைகள் தொங்கும்போது தண்டு தோளுக்கு நேர்கீழே இருக்கின்றது. இடுப்பை அச்சாகக் கொண்டால், தண்டின் எடையோடு இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட கிடைத்தொலைவைப் பெருக்கி வருவதே முதுகின் கீழ்ப்பகுதி தாங்கும் திருப்புவிசை. உடல் முற்றும் கிடையாக இருந்தால் அத்தொலைவு முழுமையானது. உடல் 45 பாகைக்கு நிமிர்ந்துவிட்டால் அது பத்தில் ஏழாகச் சுருங்கிவிடும். ஆகவே 45 பாகையில் நின்று பிடித்த 80 கிலோ, தண்டின் எடையை மட்டும் கருதினால், கிடைநிலையில் பிடித்த ஏறத்தாழ 57 கிலோவுக்கே நிகராகும். இருபது கிலோவைக் கூட்டிய இளைஞனின் முதுகு, அதற்கு முன்பு தாங்கியதைவிடக் குறைவாகவே தாங்குகின்றது. இழுக்கும் தசைகளின் நிலையும் அதுவே. இடுப்பின் வெட்டு தண்டினை மேலே எறிந்துவிட, அவை எறியப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கின்றன. ஆயினும் ஆபத்து குறைந்துவிடவில்லை. ஓய்ந்திருக்கும் சுமையைத் திடீரென வெட்டி இழுக்கும் கணத்தில், எடையைக் காட்டிலும் மிகுந்த விசை உடலில் பாய்கின்றது. அக்கணத்தில் முதுகு வளைந்துவிட்டால், எதிர்பாராத அச்சுமை தசையையும் தசைநாரையும் முள்ளெலும்பிடை வட்டுகளையும் தாக்கக்கூடும். பயன் வேண்டிய இடத்தில் சுமை குறைந்தது. தீங்கு நேரும் இடத்தில் சுமை மிகுந்தது. முறை தவறிய எடை இவ்விரு இழப்பையும் ஒருங்கே தருகின்றது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். இவ்விளைஞனால் யாருக்கு என்ன தீங்கு? அவன் எவருடைய பொருளையும் கவரவில்லை. எவரிடமும் பரிசு பெறவில்லை. தன் காசில் தன் உடலை வருத்துபவன் எப்படி இழுத்தால்தான் என்ன? முதுகு வலித்தால் அது அவனுடைய முதுகு. இதனை அறியாமை எனலாம், விவேகமின்மை எனலாம். அறப்பிழை என்று கூறுவது மிகை அன்றோ?

இவ்வாதம் வலியுடையதே. ஆயினும் அது ஒன்றை மறந்துவிடுகின்றது. ‘80 கிலோ’ என்று குறிப்பேட்டில் எழுதுவது ஓர் அளவையைக் கூறுவதாகும். சந்தையில் அரிசி அளப்பவன் ஒருநாள் தலைதட்டி அளக்கின்றான். மறுநாள் படியின் அடியில் பள்ளம் விழுந்திருப்பதை அறிந்தும் அதனாலேயே அளக்கின்றான். இரண்டு நாளும் ‘ஒரு படி’ என்றே கூறுகின்றான். சொல் மாறவில்லை; சொல்லுக்குள் இருந்த பொருள் மாறிவிட்டது. பயிற்சியில் முறை என்பது அந்தப் படி போன்றது. அது மாறாதிருக்கும்வரைதான் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியும். முறை மாறியபின் 60 என்பதும் 80 என்பதும் ஒரே அளவையின் இரு நிலைகள் ஆகா. தொடர்பற்ற இரண்டு எண்களே. தன்னை ஏமாற்றிக்கொள்பவன் இழக்கும் முதற்பொருள் உடல்நலம் அன்று. தன்னைப்பற்றி உண்மையான ஒரு செய்தியை அறியும் வாயிலையே அவன் அடைத்துவிடுகின்றான். அளவை கெட்ட வணிகனிடமிருந்து வாங்குவோர் வேறு கடைக்குச் செல்லலாம். தன் அளவையைத் தானே கெடுத்துக்கொண்டவன் வேறு எங்கே செல்வான்?

நடுவர் இருந்தால் இத்தகைய சரிவு நேராது என்றும் எண்ணிவிடுதல் கூடாது. ஒலிம்பிக் விளையாட்டின் வரலாறே அதற்குச் சான்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற போட்டியிலிருந்து பளுதூக்குதலில் மூன்று வகைத் தூக்கல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘பிரஸ்’ எனப்பட்டது. தண்டினைத் தோள்வரை உயர்த்தி, நிமிர்ந்து நின்று, காலின் உதவியின்றிக் கைவலியால் மட்டுமே தலைக்குமேல் அழுத்தி உயர்த்துவது அது. காலப்போக்கில் வீரர்கள் இடுப்பை முன்தள்ளி உடலைப் பின்னே சாய்க்கலாயினர். சிறிது சாய்ந்தவரை நடுவர் விட்டனர். அடுத்தவர் அதனினும் சிறிது மிகுதியாகச் சாய்ந்தார். எங்கே முறை முடிந்து முறைகேடு தொடங்குகின்றது என்பதில் நடுவர்களிடையே ஒற்றுமை இல்லாதுபோயிற்று. தூக்கிய எடைகள் ஏறிக்கொண்டே சென்றன. தூக்கியது எது என்பதோ மங்கிக்கொண்டே சென்றது. முடிவில் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கோடு அத்தூக்கல் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. எடை பெருகிய ஒரு வினை, முறை தேய்ந்தமையால் வினையாகவே இல்லாது ஒழிந்தது.

இந்நிகழ்ச்சி இப்பகுதி மக்களுக்குத் தொலைவானதன்று. சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் பளுதூக்கும் வீரர் டான் ஹோவ் லியாங். 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் இலகு எடைப் பிரிவில் மொத்தம் 380 கிலோ தூக்கி அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அக்காலத்தில் மொத்தம் என்பது மூன்று தூக்கல்களின் கூட்டுத்தொகை; ‘பிரஸ்’ அவற்றுள் ஒன்று. இன்றோ மொத்தம் என்பது இரண்டே தூக்கல்களின் கூட்டு. ஆகவே 380 என்னும் எண்ணை மட்டும் எடுத்து இன்றைய வீரரின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பவன் ஒன்றும் அறியமாட்டான். அது எந்த விதியின்கீழ் எட்டப்பட்டது என்று கேட்பவனுக்கே அவ்வெண்ணின் பெருமை விளங்கும். எண்ணுக்குப் பொருள் தருவது விதி. எடைக்குப் பொருள் தருவது முறை.

இனி, மற்றோர் ஐயத்தையும் எதிர்கொள்ளல் வேண்டும். முறை என்பது எல்லார்க்கும் ஒன்றுதானா? மாந்தர் உடல்கள் பலவாறானவை. நீண்ட கால்களை உடையவன் குனியும் வகை வேறு. குட்டையான கைகளை உடையவன் இழுக்கும் தொலைவு வேறு. இப்பயிற்சியிலேயே பல வகைகள் உண்டு. அமெரிக்கப் பளுதூக்கும் பயிற்றுநர் கிளென் பெண்ட்லேயின் பெயரால் வழங்கும் முறையில் உடல் நிலத்திற்குக் கிடையாக இருக்கும்; ஒவ்வோர் இழுப்பின் பின்னும் தண்டு நிலத்தில் ஓய்ந்து மீண்டும் எழும். இங்கிலாந்து நாட்டு உடற்கட்டு வீரர் டோரியன் யேட்ஸ் பெயரால் வழங்கும் முறையில் உடல் நன்கு நிமிர்ந்திருக்கும். உள்ளங்கை முன்னோக்கியிருக்குமாறு தண்டினைப் பற்றுவர். மேலே கூறப்பட்ட இளைஞனும் நிமிர்ந்துதான் இழுத்தான். அவன் செய்தது பிழையெனில் யேட்ஸ் செய்ததும் பிழையாகாதா?

ஆகாது. இரண்டையும் பிரிக்கும் கோடு தெளிவானது. அந்தச் சாய்வு தூக்குமுன் தேர்ந்துகொள்ளப்பட்டதா, தூக்கும்போது வந்து சேர்ந்ததா என்பதே வினா. யேட்ஸ் எந்தத் தசைக்கு எந்தக் கோணம் என்று எண்ணித் தேர்ந்தார். முதல் இழுப்பிலும் கடைசி இழுப்பிலும் அதனையே காத்தார். இளைஞனின் கோணத்தைத் தேர்ந்தது அவன் அறிவன்று, தண்டின் எடை. அவன் கிடைநிலையில் இழுப்பதாக எண்ணிக்கொண்டே நிமிர்ந்தான். முன்னதாக உறுதிசெய்து இறுதிவரை காக்கப்படும் வேறுபாடு வகை எனப்படும். இயலாமை வந்தபோது பெயரை மாற்றாமல் செயலை மட்டும் மாற்றுவது வழுவல் எனப்படும். இவ்வேறுபாட்டைப் புறத்தே நின்று காண்பவர் பல வேளைகளில் அறியார். செய்பவன் அறிவான்.

தேர்ந்த முறை ஒருவனைத் தீங்கிலிருந்து முற்றும் காத்துவிடும் என்பதும் இதனால் பெறப்படவில்லை. 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை ‘மிஸ்டர் ஒலிம்பியா’ பட்டம் வென்ற யேட்ஸுக்கே, 1994ஆம் ஆண்டு, தம் பெயரால் வழங்கும் அந்தப் பயிற்சியின்போது இடக்கையின் இருதலைத் தசை கிழிந்தது. அவ்வகைப் பிடி அத்தசையின்மேல் மிகுந்த சுமையை ஏற்றுவது. மெய்ம்மை காயத்தைத் தடுக்கும் காப்பன்று. ஆனால், எது எதனால் நேர்ந்தது என்று அறிந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பு, தான் செய்தது இன்னதென்று அறிந்தவனுக்கே உண்டு. ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாகக் குலுக்கியவன் நோவு வந்தபின் எதனைத் திருத்துவான்?

முறையைப் போற்றுவதிலும் ஒரு பொய் நுழைதல் கூடும். அதனையும் மறைக்காமல் கூறுதல் நேர்மை. போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் வெறுந்தண்டின் எடை 20 கிலோ. மகளிர் தண்டு 15 கிலோ. வட்டு எதனையும் பொருத்தாமல், ஆண்டுக்கணக்கில் வெறுந்தண்டினையே அழகுற இழுத்துக்கொண்டு, ‘எனக்கு முறையே பெரிது, எடையைப் பற்றி எனக்குக் கவலையில்லை’ என்று கூறுபவனும் உண்டு. அவன் முறை குற்றமற்றது. அது எந்தச் சோதனைக்கும் உட்படாதது. சுமை ஏறினால் தன் எல்லை வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சத்தை அவன் முறை என்னும் போர்வையால் மூடிக்கொள்கின்றான். எடையை மட்டும் நாடியவனிடம் செருக்கு. எடையை முற்றும் தவிர்த்தவனிடம் அச்சம். இருவரும் தம் வலிமையின் உண்மையான அளவைக் காண மறுப்பவரே.

அவ்விரண்டுக்கும் இடையே வழி ஒன்றை அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம் 1940களில் வகுத்தார். போரில் காயமுற்று வந்த வீரர்களின் மெலிந்த தசைகளை மீட்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். 1945ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முறையின் அடிப்படை எளிமையானது. ஒருவனால் சரியாகப் பத்து முறை தூக்கக்கூடிய, பதினோராம் முறை தூக்க இயலாத எடை எதுவோ அதுவே அவனுக்குரிய அளவுகோல். வலிமை கூடக்கூட அவ்வெடையும் கூட்டப்படும். பின்னர் அவரும் வாட்கின்ஸ் என்பவரும், அவ்வெடையில் பாதி, முக்கால், முழுமை என்று மூன்று சுற்றுகளாக அதனை ஒழுங்குபடுத்தினர். இம்முறையின் அறநுட்பம் கருதத்தக்கது. உரிய எடை எது என்று இரும்பைக் கேட்கவில்லை. அண்டை வீட்டானைக் கேட்கவில்லை. செய்பவனின் சரியான செயலைக் கேட்டே அது முடிவுசெய்யப்படுகின்றது. தாழ்ந்த எடையில் தொடங்கியவனுக்கு அதில் இழுக்கில்லை. அங்கேயே நின்றுவிடுபவனுக்கு அதில் சாக்குப்போக்கும் இல்லை.

தண்டு வலித்தலுக்கு உரிய எடையையும் இவ்வாறே காணலாம். பத்தாவது இழுப்பு முதல் இழுப்பின் சாய்வையும் தொலைவையும் பெற்றிருக்க வேண்டும். மேலே கணப்பொழுது நிறுத்த இயலவேண்டும். இறக்கும்போது தண்டு கையை இழுத்துச் செல்லாமல் கை தண்டினை இறக்கவேண்டும். எட்டாவதிலேயே உடல் நிமிரத் தொடங்கினால் எடை மிகுதி. பத்தும் முடிந்தபின் இன்னும் ஐந்தாறு எளிதாக இயலுமெனில் எடை குறைவு. எல்லாச் சுற்றுகளிலும் முறை மாறாது நின்றால், ஒரு பக்கத்திற்கு 1.25 கிலோ வட்டு ஒன்று வீதம் 2.5 கிலோ கூட்டலாம். இதில் விரைவு இல்லை. ஆயினும், கூட்டிய ஒவ்வொரு கிலோவும் உண்மையான கிலோவாக இருக்கும்.

மலேசியத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் இளைஞர்கள் காலித் தகர டின்களில் சிமெண்டு கலவையை வார்த்து, அவற்றிடையே இரும்புக் குழாயைச் செருகித் தாமே பளு செய்துகொண்டனர். காய்ந்த சிமெண்டில் எடை எதுவும் எழுதப்பட்டிருக்காது. இரு பக்கமும் ஒத்த எடையாக அமைந்திருந்தால் அதுவே பெரும்பேறு. ‘எத்தனை கிலோ?’ என்னும் வினாவுக்கு அங்கே விடையில்லை. ‘எத்தனை முறை? எப்படி?’ என்னும் வினாக்களுக்கே விடையுண்டு. எண் இல்லாத அந்தப் பளு, பெருமை பேச இடங்கொடுக்கவில்லை. ஆனால் உழைத்த உடலை வளர்க்கத் தவறவும் இல்லை. வட்டின்மேல் எண் பொறிக்கப்பட்டிருப்பது நல்லதே. அளந்து முன்னேற அது துணைசெய்கின்றது. எண்ணைத் தூக்குவதற்காக உடலை விட்டுவிடும்போதுதான் கேடு தொடங்குகின்றது.

பயிற்சி வேறு, சோதனை வேறு என்பதையும் இங்கே உணர்தல் நலம். தமிழகச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல்லைத் தூக்கி இளைஞர் தம் ஆற்றலைக் காட்டும் வழக்கம் இருந்தது. அது சோதனை. ஊரார் சூழ்ந்து நிற்க, எவ்வகையிலேனும் கல்லைத் தோளுக்கேற்றி அப்பால் எறிந்தால் போதும். நிலத்தை விட்டு எழாத கல்லை எழுந்ததாக எவரும் சொல்ல முடியாது. அன்றாடம் தனியே செய்யப்படும் தண்டு வலித்தலுக்குச் சோதனைநாளின் நோக்கம் பொருந்தாது. பயிற்சிநாளின் கேள்வி ‘எழுந்ததா?’ என்பதன்று, ‘எதனால் எழுந்தது?’ என்பதே. பயிற்சிநாட்கள் அனைத்தையும் சோதனைநாட்களாக மாற்றிக்கொண்டவன், சோதனைநாள் வரும்போது கைவசம் ஒன்றும் இல்லாதவனாக நிற்பான்.

பள்ளியறையில் இதன் உண்மையைக் காணாத ஆசிரியர் இலர். கணக்கு நூலின் கடைசிப் பக்கத்திலுள்ள விடையைப் பார்த்து எழுதிய மாணவனின் ஏட்டில் விடை சரியாகவே இருக்கும். வழிமுறையைக் கேட்டால்தான் அவன் எங்கே நிமிர்ந்தான் என்பது தெரியும். வழிமுறை முழுமையாக எழுதி, கடைசி வரியில் கூட்டலில் தவறிய மாணவன் முன்னவனைவிட மேலானவன். அவன் நின்ற இடம் ஆசிரியருக்கும் தெரிகின்றது, அவனுக்கும் தெரிகின்றது. ஆசிரியர் தொழிலுக்கும் இது பொருந்தும். கதவு சாத்திய வகுப்பறையில் நாற்பது நிமிடம் கற்பித்ததா, கழிந்ததா என்பதைப் பாடக்குறிப்பேடு சொல்லாது. ‘பாடம் முடிந்தது’ என்று எழுதும் கையும், ‘80 கிலோ’ என்று எழுதும் கையும் ஒரே சோதனையில் நிற்கின்றன. ஒரே வேறுபாடு உண்டு: இளைஞன் நிமிர்ந்தால் நோவது அவன் முதுகு, ஆசிரியர் நிமிர்ந்தால் நோவது பிறர் பிள்ளையின் எதிர்காலம்.

மேற்சொன்ன இளைஞன் ஒருநாள் தன் நிலையை உணர்கின்றான் என்று கொள்வோம். ஒரு நண்பன் பக்கவாட்டில் நின்று எடுத்த நிழற்படம் போதும். காணாத முதுகை அன்றுதான் அவன் காண்கின்றான். அவன் செய்யவேண்டியது எளிது, செய்வதோ அரிது. கூடத்தில் பலர் இருக்க, வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 80 கிலோவை 50 ஆக்க வேண்டும். இரும்பை ஏற்றும்போது எழும் ஓசை பெருமை தரும். இறக்கும்போதும் அதே ஓசைதான், ஆனால் காது கூசும். அவன் தூக்கியவற்றுள் மிகக் கடினமானது அன்று கழற்றிய அந்த 30 கிலோவே எனலாம். கழற்றியபின் அவன் குனிகின்றான், முதுகு நேராகின்றது, இழுக்கின்றான். பல மாதங்களாக உறங்கிக்கிடந்த தசைகள் ஐந்தாவது இழுப்பிலேயே நடுங்குகின்றன. குறிப்பேட்டில் 50 என்று எழுதுகின்றான். அந்த எண் சிறியது. ஆனால் அவ்வெண்மேல் நாளை 52.5 என்று எழுத முடியும். எழுதியது மெய்யாகவும் இருக்கும்.

தமிழில் வலி என்னும் ஒரு சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும், வலித்தல் என்றால் இழுத்தலும் ஆகும். இழுத்து உழைப்பவன் ஆற்றலைப் பெறலாம், நோவையும் பெறலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்திருப்பது எண்ணத்தக்கது. எது கிடைக்கும் என்பதை அவன் தன்னை எவ்வளவு அறிந்திருக்கின்றான் என்பதே பெரிதும் முடிவுசெய்கின்றது. திருக்குறளின் 48ஆம் அதிகாரத்திற்கு வள்ளுவர் வலியறிதல் என்று பெயரிட்டார். காலமறிதலும் இடனறிதலும் அதன் பின்னரே வருகின்றன. அரசியல் வினைக்கு அமைந்த அவ்வரிசை, குனிந்து நிற்கும் ஓர் இளைஞனின் இரும்புத் தண்டுக்கும் பொருந்துகின்றது. தன் வலிமையின் அளவு இதுவென அறியாதவனுக்குக் காலமும் இடமும் வாய்த்து என்ன பயன்?

நடுவரில்லாத வினைகள் வாழ்வில் மிகுதி. அவற்றைச் செய்பவனிடம் கேட்கப்படுவது ஒன்றே: தூக்குமுன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட முறையைக் கடைசி இழுப்புவரை காத்தானா? காத்தவன் சிறிய எடையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அவன் தூக்கியது இவ்வளவு என்று அவன் அறிவான். அவ்வறிவின்மேல் மறுநாள் கட்ட முடியும். காவாதவன் பெரிய எண்ணை எழுதியிருக்கலாம். அவன் எங்கே நிற்கின்றான் என்று கேட்டால், அவனுக்கே தெரியாது.